உங்க டி.சி. என்ன சொல்லுது?

டி.சி. என்றதும் பிரின்ஸிபால் ரூம் வாசலில் அப்பாவோடு தலையைக் குனிந்து நிற்கிற காட்சி ஞாபகத்துக்கு வருகிறதா? ஸாரி பாஸ், இது அந்த டி.சி. இல்லை! லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு சாயங்காலம் கவரில் போட்டு வாங்கி வருவோமே ஒரு பேப்பர்... அதில் இருக்கிற டி.சி. டோட்டல் கவுண்ட் ஒரு டி.சி. அதற்குக் கீழேயே டிஃபரன்ஷியல் கவுண்ட் இன்னொரு டி.சி. ஜுரம் என்று போகிற எல்லோர் கையிலும் இருக்கிற பேப்பர்தான். ஆனால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கோல்டு மெடலிஸ்ட்கூட முழிப்பார்.

நானும் அப்படி முழித்தவன்தான். ஃபைனல் இயர் ஹாஸ்டல். என் ரூம்மேட் காலேஜ் கபடி டீமின் ரெய்டர். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு டோர்னமென்ட்டுக்கு டீம் பஸ் கிளம்புகிறது. திங்கட்கிழமை ராத்திரி அவனுக்கு 103 டிகிரி ஜுரம்! தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, 'உடம்பை யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடா' என்று புலம்பல். நான் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, 'ஜுரத்துக்கு ஏதாவது குடுங்கண்ணே' என்று கேட்டு, ஆன்டிபயாடிக் ஒன்று, வலி மாத்திரை ஒன்று எனக் கலர் கலராக வாங்கிவந்து கொடுத்தேன். வியாழக்கிழமை வார்டன் சத்தம் போட்ட பிறகுதான் லேப் பக்கமே போனோம்.

ரிப்போர்ட் வந்தது. டோட்டல் கவுண்ட் 2,900. நியூட்ரோஃபில் 38, லிம்போசைட் 55, மோனோசைட் 5, ஈஸினோஃபில் 2, பேஸோஃபில் 0. தட்டணுக்கள் 1,10,000.

ரூமில் உடனே மெடிக்கல் போர்டு கூடியது. 'வெள்ளை அணு கம்மியா இருக்கே... ப்ளட் கேன்சரா இருக்குமோ?' என்றான் ஒருவன். 'லிம்போசைட் ஜாஸ்தி. இது டி.பி.தான்' என்றான் இன்னொருவன். 'இன்னும் கொஞ்சம் ஹெவியா ஆன்டிபயாடிக் போட்டா சரியாயிடும்' என்றேன் நான். அன்று ராத்திரியே ஜுரம் சுத்தமாக விட்டுவிட்டது. 'பாத்தியா? நான் பஸ் ஏறப் போறேன்' என்று அவன் பேக் கட்ட ஆரம்பித்தான்.

ஏறினானா, இல்லையா? கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாமல் போன அந்த ஐந்து பேரைப் பார்த்துவிடலாம்.

சாயம் பூசிப் பார்த்த மாணவர்

ஒரு சொட்டு ரத்தத்தை ஐம்பது பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதுதான் ஒரு மைக்ரோ லிட்டர். அந்தத் துளியூண்டு ரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமார் 50 லட்சம். தட்டணுக்கள் ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை. வெள்ளை அணுக்கள்? வெறும் 4,000 முதல் 11,000 வரைதான். அதாவது, ஆக்ஸிஜன் மூட்டை தூக்குகிறவர்கள் சுமார் 700 பேர் இருந்தால், காவலுக்கு ஒரே ஒரு ஆள்! அந்த எண்ணிக்கைதான் முதல் டி.சி.

பெயர்தான் வெள்ளை அணு. உண்மையில் அதற்கு நிறமே கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். இதில் யார் யார் என்று பிரித்துக் காட்டியவர் ஜெர்மனியின் பால் எர்லிக். 1870-களில் அவர் ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட். துணிக்குப் போடுகிற புதுப்புதுச் சாயங்களை எடுத்து உடம்பின் செல்களில் பூசிப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. படிப்பை முடித்த கையோடு, 1879 வாக்கில் ரத்தத்தையும் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றினார். சில செல்கள் இயோசின் என்கிற சிவப்புச் சாயத்தை ஆசையாக இழுத்துக்கொண்டன. அவை ஈஸினோஃபில். 'ஃபில்' என்றால் பிரியம் உள்ளது. காரச் சாயத்தின் மேல் பிரியம் வைத்தது பேஸோஃபில். இரண்டு பக்கமும் சாயாமல் நடுநிலை வகித்தது நியூட்ரோஃபில். நூறு வெள்ளை அணுக்களை எண்ணினால் அதில் எந்த ஜாதி எத்தனை என்பதுதான் இரண்டாவது டி.சி. இன்றைக்கு மெஷின் எண்ணித் தள்ளிவிடுகிறது. ஆனால், பெயர்கள் அந்த மனிதர் வைத்தவை.

முதல் ஆளாக ஓடி வருகிறவர்

கேம்பஸில் எங்கே பிரச்னை என்றாலும் என்ன, ஏது என்று கேட்காமல் முதலில் ஓடிப்போய் நிற்கிற ஒருவன் இருப்பானே... அவன்தான் நியூட்ரோஃபில். வெள்ளை அணுக்களில் 40 முதல் 75 சதவீதம் இவர்தான். நம் எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரித்து அனுப்புகிறது. ஏன் இத்தனை? ஏனென்றால், ரத்தத்தில் இவர்களின் ஆயுள் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாட்கள்.

காலில் முள் குத்தியவுடன் அந்த இடத்தில் இருந்து ரசாயன சிக்னல் கிளம்பும். ரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிற நியூட்ரோஃபில், குழாய்ச் சுவரில் ஒட்டி, இடுக்கில் நுழைந்து வெளியே வந்து, பாக்டீரியாவை அப்படியே விழுங்கிவிடும். உள்ளே இருக்கிற பைகளில் இருந்து அமிலமும் என்ஸைமும் கொட்டிக் கதையை முடிக்கும். 2004-ல் பெர்லின் விஞ்ஞானிகள் இன்னொரு வித்தையையும் கண்டுபிடித்தார்கள். நியூட்ரோஃபில் தன்னுடைய டி.என்.ஏ.வையே வலை மாதிரி வெளியே வீசி, கிருமிகளைச் சிக்கவைக்கிறது. பெரும்பாலும் வலை வீசியவர் அதோடு காலி!

பருவைக் கிள்ளினால் வருகிறதே சீழ், அதில் பெரும்பகுதி போரில் செத்துப்போன நியூட்ரோஃபில்கள்தான். அடுத்த முறை கண்ணாடி முன்னால் நின்று கிள்ளும்போது ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துங்கள். இல்லை, கிள்ளாமலே விடுங்கள். அது இன்னும் நல்லது.

நிமோனியா, அப்பென்டிஸைட்டிஸ் மாதிரி பாக்டீரியா விவகாரங்களில் இவர் எண்ணிக்கை எகிறும். ஆனால் கடும் உடற்பயிற்சி, மன அழுத்தம், ஸ்டீராய்டு மாத்திரை என்று வேறு காரணங்களுக்கும் எகிறும். கேன்சருக்கு கீமோதெரபி எடுப்பவர்களுக்கு இது 500-க்குக் கீழே போனால் சாதாரண ஜுரம்கூட எமர்ஜென்ஸி. பார்க்க வருகிறவர்களை டாக்டர்கள் மாஸ்க் போடு, கையைக் கழுவு, கூட்டம் போடாதே என்று விரட்டுவது இதனால்தான்.

பச்சை குத்தினால் யார் சுமக்கிறார்கள்?

அடுத்தவர் மோனோசைட். 2 முதல் 10 சதவீதம். ஆள் பெரியவர், நிதானமானவர். ரத்தத்தில் ஓரிரு நாள் சுற்றிவிட்டுத் திசுக்களுக்குள் போய் 'மேக்ரோஃபேஜ்' என்கிற பெருந்தீனிக்காரராக மாறிவிடுவார். கிருமி, செத்த செல், குப்பை எதுவாக இருந்தாலும் உள்ளே தள்ளிவிடுவார். சும்மா தின்னுவதோடு நிற்காமல், தின்ற கிருமியின் ஒரு துண்டைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு, 'இதோ பாருங்க, இவன்தான் உள்ளே வந்திருக்கான்' என்று மற்றவர்களுக்கும் காட்டுவார்.

இந்த விழுங்கும் வேலையைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. 1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்தில் தங்கியிருந்தார் எலீ மெட்ச்னிகாஃப் என்ற விலங்கியல் ஆராய்ச்சியாளர். குடும்பத்தில் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட, இவர் மட்டும் வீட்டில். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நட்சத்திர மீன் குஞ்சை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை. தோட்டத்துச் செடியில் இருந்து முள்ளைப் பறித்து அதன் உடம்பில் குத்திவைத்தார். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன! உடம்பு சும்மா இருப்பதில்லை, எதிர்த்துச் சண்டை போடுகிறது என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1908-ல் நோபல் பரிசு. கூடப் பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? நம்ம சாயம் பூசிய எர்லிக்!

கையில் டாட்டூ குத்தியிருக்கிறீர்களா? அந்த மையைப் பிடித்துவைத்திருப்பதும் தோலில் உள்ள மேக்ரோஃபேஜ்கள்தான். கரைக்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் வைத்திருக்கும். ஒன்று செத்தால் வெளியே விழுகிற மையை அடுத்தது வந்து விழுங்கிக்கொள்ளும் என்பதை எலிகளை வைத்து பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2018-ல் காட்டினார்கள். காதலி பெயர் அழியாமல் இருப்பதற்குக் காரணம் காதல் இல்லை தலைவா, மேக்ரோஃபேஜ்!

இவருக்கும் ஒரு வில்லன் உண்டு. டி.பி. கிருமி. விழுங்கினாலும் செரிக்காமல், மேக்ரோஃபேஜ் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். பல வருஷம்கூட சத்தம் இல்லாமல் பதுங்கி இருக்கும். டி.பி. மாத்திரையை மாதக் கணக்கில் நிறுத்தாமல் சாப்பிடச் சொல்வதன் ரகசியம் இந்தப் பதுங்கல்தான்.

'ஈஸ்னோபிலியா' என்றால்...

நம் ஊரில் இருமலும் இழுப்பும் வந்தால், 'எனக்கு ஈஸ்னோபிலியா இருக்கு' என்று சொல்கிற மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் ஒருவர் இருப்பார். அது நோயின் பெயர் இல்லை. ஈஸினோஃபில் என்கிற வெள்ளை அணு கூடியிருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். வழக்கமாக 1 முதல் 6 சதவீதம் இருப்பார். முழுதாக விழுங்க முடியாத பெரிய எதிரிகள், அதாவது வயிற்றுப் புழு மாதிரியானவை வந்தால், சுற்றி நின்று விஷப் புரதங்களைத் துப்புவது இவருடைய ஸ்டைல். ஆஸ்துமா, அலர்ஜியிலும் இவர் கூடுவார். அங்கே எதிரி இல்லாமலே துப்புவதுதான் தொல்லை.

யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக நுரையீரலில் நடக்கிற களேபரத்தால், ராத்திரி இருமலும் இழுப்பும் வந்து ஈஸினோஃபில் ஆயிரக்கணக்கில் ஏறுவதும் உண்டு. அதற்கு 'டிராபிக்கல் ஈஸ்னோபிலியா' என்று 1943-ல் பெயர் வைத்தவர் வீன்கார்ட்டன் என்ற டாக்டர். அந்தப் பெயர்தான் நம் வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. காரணம் புழுவா, அலர்ஜியா என்று பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடுவது சுத்த வேஸ்ட்.

பேஸோஃபில்? நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று இருந்தாலும் பதற வேண்டாம். ஆனால் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை மூட்டை கட்டி வைத்திருக்கிற பார்ட்டி. திசுக்களில் இருக்கிற மாஸ்ட் செல்லும் இவரும் சேர்ந்து மூட்டையை அவிழ்த்தால் அடுக்குத் தும்மல், அரிப்பு, தடிப்பு. அப்போது போடுகிற செட்டிரிசின் மாத்திரை, அந்த ஹிஸ்டமின் போய் உட்காருகிற சீட்டில் முன்கூட்டியே துண்டு போட்டுவைக்கிறது.

கோழி சொன்ன ரகசியம்

இப்போது கிளாஸ் டாப்பர் வருகிறார். லிம்போசைட். 20 முதல் 45 சதவீதம். மற்றவர்கள் யார் வந்தாலும் ஒரே மாதிரி அடிப்பார்கள். இவர் ஆளைப் பார்த்து, படித்து, அந்த ஆளுக்கென்றே ஆயுதம் செய்வார். அதனால் முதல் முறை கொஞ்சம் லேட். ஆனால் ஒருமுறை பார்த்த முகத்தை மறக்க மாட்டார். அம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராததும், தடுப்பூசி வேலை செய்வதும் இந்த ஞாபகசக்தியால்தான். 1918-ல் உலகத்தையே ஆட்டிப்படைத்த இன்ஃப்ளூயன்ஸாவில் தப்பித்தவர்களின் ரத்தத்தை 90 வருஷம் கழித்து, 2008-ல் சோதித்தார்கள். வயது 91 முதல் 101 வரை. அந்த வைரஸை அடையாளம் காண்கிற லிம்போசைட்கள் அப்போதும் இருந்தன! நமக்குப் போன செமஸ்டர் படித்ததே ஞாபகம் இல்லை.

லிம்போசைட்டில் இரண்டு முக்கியமான கோஷ்டிகள் உண்டு. பி செல், டி செல். இந்த 'பி' எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் யூனிவர்ஸிட்டியில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், கோழிக் குஞ்சுகளின் பின்புறம் உள்ள 'பர்ஸா' என்ற சின்னப் பையை அறுத்தெடுத்துவிட்டு, அது எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியவில்லை. சக மாணவர் டிமத்தி சாங்குக்கு வகுப்பில் டெமோ காட்டக் கோழிகள் தேவைப்பட, அந்தக் கோழிகளை வாங்கிக்கொண்டு போனார். கிருமி ஊசி போட்டால் ரத்தத்தில் 'ஆன்டிபாடி' உண்டாகும் என்று காட்டுவதுதான் டெமோ. டெமோ ஃப்ளாப்! பர்ஸா இல்லாத கோழிகளில் ஆன்டிபாடியே வரவில்லை. ஃப்ளாப்பான டெமோதான் பெரிய கண்டுபிடிப்பு என்று இருவருக்கும் உறைத்தது. பிரபலமான 'சயின்ஸ்' பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956-ல் ஒரு கோழி வளர்ப்பு ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. பர்ஸாவின் முதல் எழுத்துதான் பி. நமக்கு பர்ஸா கிடையாது, பி செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே தயாராகின்றன. உசுப்பிவிடப்பட்ட ஒரு பி செல், வினாடிக்கு 2,000 ஆன்டிபாடி வரை கக்கும்.

டி செல்லின் 'டி', நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பியில் இருந்து வந்தது. உடம்புக்கு உபயோகம் இல்லாத உறுப்பு என்று பலர் ஒதுக்கிவைத்திருந்த தைமஸை, பிறந்த எலிக்குஞ்சுகளில் நீக்கிப் பார்த்து, அது இல்லாவிட்டால் எதிர்ப்பு சக்தியே படுத்துவிடுகிறது என்று 1961-ல் லண்டனில் நிரூபித்தார் ஜாக் மில்லர். அப்போது அவருக்கு வயது முப்பது.

டி செல்லில் கொலையாளி ரகம், வைரஸ் புகுந்த நம் செல்லையே தேடிப்பிடித்து அழிக்கும். உதவியாளர் ரகம் நேரடியாகச் சண்டை போடாது. ஆனால், யார் எங்கே போக வேண்டும், எவ்வளவு அடிக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். இவர்களோடு என்.கே. செல் என்று மூன்றாவது கோஷ்டியும் உண்டு. அறிமுகமே தேவையில்லை, சந்தேகப்படும்படியான செல்லைப் பார்த்தவுடன் முடித்துவிடும்.

கேப்டனே விழுந்தால்?

அந்த உதவியாளர் டி செல்லை முக்கியமாகக் குறிவைத்து அடிக்கிற வைரஸ் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. இந்த செல்லின் மேலே உள்ள சி.டி.4 என்ற புரதம்தான் அதற்குக் கதவு. ஆரோக்கியமானவருக்கு சி.டி.4 செல்கள் மைக்ரோ லிட்டருக்கு 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம். நியூட்ரோஃபில் இருக்கும், பி செல் இருக்கும்... உத்தரவு போட ஆள் இருக்காது. சாதாரணப் பூஞ்சைகூட உள்ளே புகுந்து ஆடிவிட்டுப் போகும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலாகக் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. தீசிஸுக்கு இதை எடுத்துச் செய் என்றவர் பேராசிரியர் சுனிதி சாலமன். 'அந்த நோயெல்லாம் நம்ம நாட்டுக்கு வராது' என்று பலரும் நம்பிய காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப்போய் 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார் நிர்மலா. சென்னையில் டெஸ்ட் வசதி இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, ராத்திரி ரயிலில் கணவரோடு வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் பாசிட்டிவ்! நாடே அதிர்ந்தது. ஒரு ஸ்டூடன்ட் புராஜெக்ட், நாட்டின் கண்ணைத் திறந்தது. இன்றைக்குக் கூட்டு மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் சி.டி.4 எண்ணிக்கை திரும்ப ஏறும். எச்.ஐ.வி.யோடு நீண்ட காலம் நல்லபடியாக வாழ முடியும்.

பிரேக்கும் வேணும் பாஸ்!

'அப்படின்னா இம்யூனிட்டியை ஏத்திக்கிட்டே போனா நல்லதுதானே?' என்று கேட்கத் தோன்றும். கொரோனா வந்த 2020-க்குப் பிறகு பவுடர், டானிக், ஜூஸ் என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் 'இம்யூனிட்டி பூஸ்டர்' லேபிள்தான். ஆனால், எதை பூஸ்ட் பண்ணப் போகிறீர்கள்? ஈஸினோஃபில் கூடினால் இழுப்பு. பேஸோஃபில் ஆடினால் அரிப்பு. டி செல்லுக்கு ஆள் அடையாளம் தவறிப்போனால் நம் கணையத்தையே தாக்கி டைப் 1 சர்க்கரை நோய், மூட்டைத் தாக்கினால் ருமாட்டாய்டு மூட்டுவாதம்.

இப்படி சொந்த வீட்டிலேயே கல் எறியாமல் பார்த்துக்கொள்வதற்கு 'ஒழுங்குபடுத்தும் டி செல்' என்று தனி ரகமே உண்டு. அதைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல். ஆக்ஸிலரேட்டர் மட்டும் இருக்கிற பைக்கை யாராவது ஓட்டுவார்களா?

காசு செலவில்லாத சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. தூக்கம். 164 பேருக்கு ஜலதோஷ வைரஸை மூக்கில் விட்டுப் பார்த்தார்கள் அமெரிக்காவில். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்குக்கு மேல் ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு. இது 2015-ல் வந்த முடிவு. எக்ஸாம் டென்ஷனும் சும்மா விடாது. ஒஹையோ ஸ்டேட் மருத்துவ மாணவர்கள் 75 பேரின் ரத்தத்தைப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பும், பரீட்சை அன்றும் எடுத்துப் பார்த்தபோது, பரீட்சை நேரத்தில் என்.கே. செல்களின் வேகம் குறைந்திருந்தது. 1998-ல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் வாய் மேலண்ணத்தில் ஒரு சின்னக் காயம் போட்டுப் பார்த்தார்கள். லீவில் ஆறியதைவிடப் பரீட்சை சமயத்தில் ஆற மூன்று நாள் கூடுதலாக ஆனது. நைட் அவுட் அடிக்கும்போது நாம் மட்டும் முழித்திருப்பதில்லை மக்களே, இவர்களையும் சேர்த்து வாட்டுகிறோம்.

பஸ் ஏறினானா?

வியாழக்கிழமை ராத்திரிக்கு வருவோம். 'டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டாம கேட்டைத் திறக்க மாட்டேன்' என்று வார்டன் பிடிவாதம். திட்டிக்கொண்டேதான் போனோம். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பார்த்தார்.

'லிம்போசைட் ஜாஸ்தின்னு யார் சொன்னது? 2,900-ல 55 சதவீதம்னா எவ்வளவு? சுமார் 1,600. அது நார்மல்தான். 38 சதவீதம் நியூட்ரோஃபில்னா 1,100. 2,000-க்கு மேல இருக்கணும். நிஜமா குறைஞ்சிருக்கிறது அதுதான். இந்த சீசன்ல, இந்த ஜுரத்துல, வெள்ளை அணுவும் தட்டணுவும் சேர்ந்து இறங்கினா முதல்ல டெங்குவைத்தான் நினைக்கணும்.'

'ஜுரம் விட்டுருச்சு மேடம்' என்றான் இவன் ஆசையாக.

'அதான் தம்பி எனக்குப் பயமே. டெங்குல ஜுரம் விடற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் கண்டம். ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியும், பிரஷர் விழும். வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், ஒரேயடியா அசதி... இதுல எது வந்தாலும் உடனே ஓடி வரணும்.'

பிறகு மாத்திரை ஸ்ட்ரிப்பை எடுத்துப் பார்த்தார். 'இது யார் வாங்கினது?' எனக்குத் தொண்டை வறண்டது. 'ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு. வைரஸை அது ஒண்ணும் பண்ணாது. அதுகூடப் பரவாயில்ல. இந்த வலி மாத்திரை இருக்கே, டெங்குல ரத்தக் கசிவை ஜாஸ்தி பண்ணும். வெறும் பாராசிட்டமால் போதும்ப்பா. நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டு...' என்று நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு பஸ் போய்விட்டது. அன்று மதியம் அவனுக்கு வயிற்று வலி, பல் தேய்த்தால் ரத்தம். தட்டணுக்கள் 38,000. டெஸ்ட்டில் டெங்கு உறுதியானது. நாலு நாள் வார்டில் டிரிப்ஸ். பிரஷரை மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து பார்த்தார். பஸ்ஸிலோ மைதானத்திலோ இது நடந்திருந்தால் என்று நினைத்து நினைத்து நான் தூங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்டில் முதலில் ஏறியது தட்டணு இல்லை, டோட்டல் கவுண்ட்தான். 4,600. 'இனி பயமில்ல' என்றார் டாக்டரம்மா. டீம் இரண்டாவது ரவுண்டில் தோற்று வந்து, அவன் கட்டிலைச் சுற்றி நின்றது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது நாலு விஷயம் ஞாபகம் வையுங்கள். ஒன்று, இது மார்க் ஷீட் இல்லை. ஒரு எண் கூடினாலோ குறைந்தாலோ ஃபெயில் என்று அர்த்தம் இல்லை. இரண்டு, சதவீதத்தை மட்டும் பார்க்காமல் டோட்டலோடு பெருக்கிப் பாருங்கள். மூன்று, பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்பதில்தான் டாக்டருக்குப் பாதி விடை இருக்கிறது. நாலு, நண்பனுக்கு ஜுரம் என்றால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். அவனை பைக்கில் உட்காரவைத்து டாக்டரிடம் ஓடுங்கள்.

என் ரூம்மேட் இப்போதும் போன் பண்ணினால், 'டேய், தலை வலிக்குது... என்ன மாத்திரைடா போடலாம்?' என்று கிண்டலடிக்கிறான். நான் போனை வைத்துவிடுகிறேன்!